இல்ல ஊர்தி நேரே செல்ல வேண்டுமாயின்

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் சொந்த மண்ணை விட்டு வந்து, இந்நாட்டின் பெருநகரங்களில் வேர்விட்டு வாழும் நம் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குப் போய் வருவது கடமையும் இன்பமும் ஒருங்கே ஆகும். கோடை விடுமுறையில் ரயிலில் இடம் பெறுவது எளிதன்று. முதியோர், குழந்தைகள், மூட்டை முடிச்சுகள் ஆகிய அனைத்துடனும் சாலை வழியே சென்றுவிடலாம் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி முடிவு செய்வதும் உண்டு. அவ்வாறு எண்ணுவோரின் பார்வை 'கேரவன்' என்னும் பெரிய வண்டியின் மீது விழத் தொடங்கியிருக்கிறது.

படுக்கை, சமையலிடம், குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அமைந்த இவ்வண்டியைப் படப்பிடிப்புகளின் வாயிலாக நம்மவர் நன்கு அறிவர். மகாராட்டிர அரசும் கேரள அரசும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்கும் கொள்கைகளை வெளியிட்டன. இதனை வாடகைக்கு எடுப்போர் உளர்; பேருந்தின் அடிச்சட்டத்தை வாங்கித் தமக்கு வேண்டியவாறு கூடு கட்டிக்கொள்வோரும் உளர். இக்கட்டுரையில் இதனை 'இல்ல ஊர்தி' என்றே வழங்குவோம்.

இல்ல ஊர்தியின் உள் வசதிகளைப் பற்றிப் பேசுவோர் பலர். அது சாலையில் எவ்வாறு செல்கிறது என்பதைப் பற்றிக் கேட்போர் சிலரே. முதல் நெடும் பயணத்திற்குப் பிறகுதான் அக்கேள்வி எழுகிறது. வண்டி தன் தடத்தில் நில்லாமல் இருபுறமும் அலைகிறது. லாரி ஒன்று கடந்து சென்றால் ஒரு புறம் தள்ளப்பட்டு மறுபுறம் இழுக்கப்படுகிறது. வளைவில் கப்பல் போல் சாய்கிறது. ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஓயாது திருத்திக்கொண்டே இருக்கும் ஓட்டுநருக்கு நான்கு மணி நேரத்தில் தோள்கள் கடுக்கின்றன, கருத்துச் சிதறுகிறது. பின்னே படுக்கையில் உறங்கும் பாட்டியும் பேரக் குழந்தைகளும் அவர் கைகளை நம்பியே உறங்குகின்றனர். ஆகவே இதனை வசதிக் குறைவு என்று மட்டும் கருதி விட்டுவிடுதல் தகாது. களைத்த ஓட்டுநரும் அலையும் வண்டியும் சேருமிடத்தில் விபத்து வெகு தொலைவில் இருப்பதில்லை.

இக்குறையைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? புதிய ஷாக் அப்சார்பர் வாங்குகின்றனர்; அதனால் தீரவில்லையெனில் தடித்த கம்பி ஒன்றைப் பொருத்துகின்றனர்; பின்னர் ஸ்டியரிங்குக்கு ஒரு தணிப்பானும் வாங்குகின்றனர். செலவு வளர்கிறது, அலைச்சல் ஓரளவே குறைகிறது. மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து எழுதுவார். இல்ல ஊர்திக்கு நாடி பார்க்கும் இடம் எடை மேடை. எடை, டயர், சக்கர ஒழுங்கு, தேய்ந்த மூட்டுகள், அவற்றின் பின்னரே புதிய உறுப்புகள் என்னும் வரிசை தவறாமல் சென்றால், பல வண்டிகள் கடைசிப் படிக்குப் போகுமுன்பே திருந்திவிடும். இவ்வரிசையைப் பற்றியே நாம் இங்குக் கூற விழைகிறோம்.

குறை எங்குத் தொடங்குகிறது?

ஒரு சிற்றுந்தை ஒரே நிறுவனம் முழுமையாக உருவாக்குகிறது. இல்ல ஊர்தியின் கதை வேறு. அடிச்சட்டத்தைச் செய்பவர் ஒருவர். அதன் மேல் கூடு கட்டுபவர் மற்றொருவர். அமெரிக்காவில் பல பெரிய இல்ல ஊர்திகள் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 என்னும் அடிச்சட்டத்தின் மீது வேறு நிறுவனங்களால் கட்டப்படுகின்றன. நம் நாட்டிலும் பேருந்துகளுக்கு இம்முறை உண்டு. அடிச்சட்டம் ஆலையிலிருந்து வர, கூடு கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் எழும்புகிறது. கரூரின் பேருந்துக் கூடு கட்டும் தொழில் நாடறிந்தது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அடிச்சட்டம் ஆலையை விட்டுப் புறப்படும்போது அதன் மீது பாரம் இல்லை. சக்கரங்களின் சாய்வும் நேர்மையும் அந்நிலையிலேயே அமைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூடு, கட்டில், குளிர்ப்பெட்டி, தண்ணீர், மின்கலங்கள் எல்லாம் ஏறுகின்றன. வில் தகடுகள் அமிழ்கின்றன. அச்சின் கோணம் மாறுகிறது. முன்னிருந்த கணக்கு முன்போல் நிற்பதில்லை. பட்டறையிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டி முதல் நாளே அலைவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வண்டியின் அளவிலேயே பொதிந்திருக்கும் காரணமும் உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு வண்டியின் மொத்த நீளத்தில் எவ்வளவு விழுக்காடு என்று பாருங்கள். இல்ல ஊர்தி வாங்குவோரிடையே அமெரிக்காவில் வழங்கும் கைக்கணக்கு ஒன்று இதுதான்: ஐம்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் வண்டி அலைந்து ஓட்டுநரைக் களைப்பூட்டும், ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டால் நிதானமாகச் செல்லும். 35 அடி நீளமுள்ள வண்டிக்கு அச்சுத் தொலைவு 19 அடியாயின் விகிதம் 54க்குச் சற்று மேல். 30 அடி வண்டிக்கு 14 அடி 10 அங்குலமாயின் 49 விழுக்காடே. வண்டி சிறியதாயிருப்பதால் மட்டும் நிதானமாகச் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி அச்சுத் தொலைவில் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் வரம்பு கட்டியுள்ளன.

அமைப்பிலேயே இக்குறையைத் தவிர்க்க முயன்ற வண்டியும் ஒன்று உண்டு. ஜி.எம்.சி. நிறுவனம் 1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் செய்த இல்ல ஊர்தியில் முன் சக்கரங்களே இழுவிசை தந்தன. பின்னுக்குச் சுழல்தண்டு செல்ல வேண்டிய தேவை இல்லாததால் தளத்தை மிகத் தாழ்வாக அமைக்க முடிந்தது. பின்புறத்தில் பக்கத்திற்கு இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாய் நான்கு சக்கரங்கள். அவற்றைக் காற்றுப் பைகள் தாங்கின. எடை தாழ்ந்திருந்தமையால் அவ்வண்டி சாலையை நன்கு பற்றிச் சென்றது. லாரியின் சட்டத்தின் மீது எழும் உயரமான வண்டிக்கு இப்பேறு பிறப்பிலேயே இல்லை. அதனைப் பேணுதலால்தான் பெற வேண்டும்.

எடை மேடைக்குச் செல்லுங்கள்

பயணத்திற்கு ஏற்றுவன அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, செல்லவிருக்கும் அனைவரும் அமர்ந்த நிலையில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டு செல்க. லாரிகள் செல்லும் நெடுஞ்சாலையோரங்களில் இவை காணக் கிடைப்பவை. முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி எடை காண்க. அடுத்து முழு வண்டியையும், இறுதியில் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை காண்க. மேடையின் அமைப்பு இடங்கொடுத்தால் இடப்புறச் சக்கரங்களையும் வலப்புறச் சக்கரங்களையும் தனித்தனியே பார்ப்பது சாலச் சிறந்தது. கிடைத்த எண்களை அடிச்சட்டத்தின் தகட்டில் பொறித்துள்ள அச்சு எடை வரம்புகளோடு ஒப்பிடுக.

பாரம் எங்கு இருக்கிறது என்பது, எவ்வளவு என்பதைப் போன்றே முக்கியமானது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். அச்சுத் தொலைவு 5 மீட்டர் உள்ள வண்டி. பின் அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால், வண்டியின் கோடியில், 200 கிலோ சாமான் ஏற்றுகிறோம். ஏற்ற மரத்தின் நெம்புகோல் முறைப்படி அப்பாரம் முன் அச்சிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சின் மீது 200 அல்ல, 300 கிலோ ஏறுகிறது. திருப்பும் பணியைச் செய்ய வேண்டிய முன் சக்கரங்கள் அவ்வளவுக்குத் தரையைப் பற்றும் வலிவை இழக்கின்றன.

பின் பாரம் மற்றொரு தீங்கையும் இழைக்கிறது. எய்த அம்பு நேரே செல்வதற்குக் காரணம் அதன் கனம் முனையில் இருப்பதே. கனத்தை வாலுக்கு மாற்றினால் அது தடுமாறும். இல்ல ஊர்தியின் மீது பக்கக் காற்று மோதுகையில் முன் பகுதி எளிதில் ஒதுக்கப்படுவதற்கும், கனம் பின்னால் குவிந்திருப்பது காரணமாகிறது.

ஆகவே கனமான பொருள்கள் இரண்டு அச்சுகளுக்கும் இடையே, தளத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். அரிசி மூட்டை, எண்ணெய்த் தகரம், வெண்கலப் பாத்திரங்கள் ஆகியவை கீழ்ப் பெட்டிகளில் இடம் பெறட்டும். துணிமணியும் படுக்கை விரிப்பும் மேலே செல்லட்டும். கூரையின் மீது சாமான் கட்டுவதை விட்டொழிப்பது நன்று. தண்ணீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். 300 லிட்டர்த் தொட்டி பின் கோடியில் இருந்தால், நிரப்பிச் செல்வதா, தேவைக்கு மட்டும் கொண்டு சென்று வழியில் நிரப்பிக்கொள்வதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதுவதையும் வளைவுகளில் உணரலாம். குளிர்ப்பெட்டியும் சமையலிடமும் ஒரே புறத்தில் அமைந்த வண்டியில், எடுத்து வைக்கக்கூடிய பாரத்தையேனும் மறுபுறத்தில் வைத்துச் சமன் செய்க.

இவ்வளவிற்கும் ஆகும் செலவு எடைச் சீட்டுக்குரிய சிறு தொகையே.

டயரும் காற்றும்

எடை தெரிந்த பின்னரே டயருக்கு எவ்வளவு காற்று என்பது தெரியும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் அழுத்தம் அது தாங்கவல்ல மிகுதியான பாரத்திற்குரியது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் கட்டளையன்று. இன்ன எடைக்கு இன்ன அழுத்தம் என்று டயர் நிறுவனங்கள் அட்டவணை வெளியிடுகின்றன. ஓர் அச்சிலுள்ள சக்கரங்களில் மிகுதியான பாரத்தைத் தாங்குவது எதுவோ அதற்குரிய அழுத்தத்தை அவ்வச்சின் டயர்கள் அனைத்திற்கும் ஒரே சீராக வைத்தல் முறை.

காற்று மிகுந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு குறுகுகிறது. வண்டி சிறு மேடு பள்ளத்திற்கும் துள்ளி, ஸ்டியரிங் நிலையின்றி நடுங்குகிறது. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர்கள் நெளிந்து, ஸ்டியரிங்கைத் திருப்பிய சிறிது நேரம் கழித்தே வண்டி கீழ்ப்படிகிறது. அதனினும் கேடு, ஓயாத நெளிவினால் டயர் சூடேறி வெடிக்க நேரிடும். வழியில் அழுத்தம் ஏறிக் காட்டுவது இயல்பு. அதனைக் கண்டு காற்றை இறக்குதல் தவறு. காலையில் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பார்க்க வேண்டும். பின்புறத்தில் இரட்டைச் சக்கரங்கள் உள்ள வண்டியில் உட்புற டயரைப் பார்ப்பார் இல்லை. பஞ்சரான உள் டயரின் பாரத்தையும் வெளி டயரே சுமந்து ஓடுவதை நெடுந்தொலைவு அறியாமலிருக்கக் கூடும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று காணப்படும். முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். இல்ல ஊர்தி ஆண்டில் பெரும்பகுதி நின்றே கிடப்பதால் டயரின் வரிப்பள்ளம் தேய்வதில்லை. ஆனால் ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் மூப்படைகிறது. பார்வைக்குப் புதிதாய் உள்ள டயர் உள்ளே கிழடாயிருக்கலாம். ஆறேழு ஆண்டுகள் கடந்த முன் டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்லுதல் அறிவுடைமையன்று.

சக்கர ஒழுங்கு

மிதிவண்டியின் முன் கவையைப் பாருங்கள். அது நேர்க்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கவையின் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்திற்குப் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொடும். முன்னே செல்லும் கோட்டைச் சக்கரம் பின்தொடர்ந்து வருவதால் தானாகவே நேராகிறது. இரு கைகளையும் விட்டுவிட்டுச் சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுவது இவ்வமைப்பின் துணையால்தான். மோட்டார் வண்டியில் இச்சாய்வைக் 'காஸ்டர்' என்பர். இது குறைந்த வண்டி நேர்வழியில் நிலைபெறாது; வளைவில் திரும்பிய ஸ்டியரிங்கும் தானே மீளாது.

பின்புறம் அமிழ அமிழ வண்டியின் மூக்கு உயர்ந்து காஸ்டர் மாறுகிறது. ஆகவே பாரம் ஏற்றிய நிலையிலேயே சக்கர ஒழுங்கு பார்க்கப்பட வேண்டும் என்பது முதல் விதி. அடிச்சட்ட நிறுவனம் வரையறுத்த எல்லைக்குள் காஸ்டரை மேல் வரம்பை ஒட்டி வைக்கச் சொல்லுதல் இரண்டாவது. ஒரே தண்டாக அமைந்த முன் அச்சுடைய வண்டிகளில், வில் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவான இரும்புத் தகட்டைச் செருகி இச்சாய்வைக் கூட்டுவர். முன் சக்கரங்கள் இரண்டும் மிகச் சிறிதளவு உள்நோக்கியிருப்பதும் நேர்வழிக்குத் துணை செய்யும். அவை வெளிநோக்கியிருந்தால் வண்டி ஓயாமல் அலையும். டயரின் விளிம்பும் விரைவில் தேயும்.

நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. அதனால் வண்டி சிறிது இடப்புறம் இழுப்பது இயல்பு. அதனையே குறை என்று கொண்டு சக்கர ஒழுங்கை மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டுவதில்லை. சரிவற்ற சாலையில் சோதித்த பின்னரே முடிவுக்கு வருக.

தேய்ந்த மூட்டுகள்

ஸ்டியரிங் சக்கரத்தை இருபுறமும் சிறிது அசைத்தால் முன் சக்கரங்கள் உடனே அசைய வேண்டும். இடையே வெற்றாகச் சுழலும் பகுதியைப் பட்டறையில் 'பிளே' என்பர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இடவலமாக அசைக்க, மெக்கானிக் கீழிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வருதல் வேண்டும். ஸ்டியரிங் பெட்டி சட்டத்தோடு உறுதியாகப் பிணைந்துள்ளதா, டை ராட் முனைகள் தளர்ந்துள்ளனவா, கிங் பின் தேய்ந்துள்ளதா, சக்கரத் தாங்கிகள் ஆடுகின்றனவா என்று வரிசையாகக் காண்க. அசைவு எங்கே தொடங்கி எங்கே காணாமற் போகிறதோ அங்கேதான் குறை இருக்கிறது.

பிளேயைக் குறைப்பதற்காக ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொண்டு, தானே நேராகும் இயல்பை இழக்கும். தேய்ந்தது மூட்டாயிருக்கத் திருகைக் குறை கூறுதல் பயனற்றது.

அவற்றின் பின்னரே புதிய உறுப்புகள்

மேற்கூறிய நான்கும் செவ்வையாக இருந்தும் அலைச்சல் நீங்கவில்லையாயின், உறுப்புகளைப் பற்றி எண்ணலாம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கே மருந்து.

சாய்வுக்கு மருந்து ஸ்டெபிலைசர் கம்பி. அச்சின் குறுக்கே சென்று இரு முனைகளும் மடங்கிய இக்கம்பி, ஒரு புறம் அமிழும்போது முறுக்கேறி அச்சாய்வை எதிர்க்கிறது. இதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், கம்பியின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால் விறைப்பு 46 விழுக்காடு கூடும். எனவே சிறிது தடித்த கம்பியே பெரிய மாறுதலைத் தரும். ஆயின் புதுக் கம்பி வாங்குமுன், பழைய கம்பியைத் தாங்கும் ரப்பர்ப் புதைகள் நைந்துபோயிருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்-53 அடிச்சட்டத்தில் ஸ்டெபிலைசர் கம்பியின் முனைகளில் இரண்டு துளைகள் உண்டு. இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றிக் கம்பியின் கையைக் குறுக்கி, காசு செலவின்றி விறைப்பைப் பெறும் அமெரிக்க உரிமையாளர் பலர்.

லாரி கடக்கும்போது பின்புறம் மட்டும் வாலாட்டுவது போல் ஒதுங்குகிறதெனில், அதற்கு மருந்து பன்ஹார்டு கம்பி. பழைய பிரெஞ்சு மோட்டார் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய இது, ஒரு முனையில் அச்சோடும் மறுமுனையில் சட்டத்தோடும் குறுக்காக இணைக்கப்படும். வில் தகடுகள் பக்கவாட்டில் நெளிவதால் கூடு அச்சின் மீது நகர்வதை இது தடுக்கிறது. பின் கூடு நகரும்போதெல்லாம் ஓட்டுநர் முன் சக்கரங்களைத் திருப்பித் திருத்த நேர்கிறது. நகர்வு நின்றால் திருத்தமும் நிற்கும்.

மேடு ஏறி இறங்கிய பின்னும் வண்டி இரண்டு மூன்று முறை எழுந்து அமர்கிறதெனில் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அது அசைவைத் தணிப்பது, பாரத்தைத் தாங்குவதன்று. அமிழ்ந்துபோன வில் தகட்டின் குறையைத் தீர்க்க அதனால் இயலாது. கடைசியாக, ஸ்டியரிங் தணிப்பான். இது அதிர்ச்சிகளைத் தணிக்கும். முன் டயர் திடீரென வெடித்தால் சக்கரம் ஒரு புறம் பிடுங்கப்படும் வேகத்தையும் ஓரளவு தடுக்கும். ஆயினும் தேய்ந்த மூட்டை மறைக்கும் திரையாக இதனைப் பொருத்துவது, காய்ச்சலை மறைக்கப் போர்வை போர்த்துவதை ஒக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்க. அதே சாலையில், அதே பாரத்தோடு, அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டால் எது பயன் தந்தது என்று எவரும் கூற முடியாது. மேலும், பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. அடிச்சட்டத்தில் கை வைக்குமுன், அதனைச் செய்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கலந்துகொள்ளுதல் பாதுகாப்பு.

காற்றும் கணவாயும்

எவ்வளவு திருத்தினாலும் இல்ல ஊர்தி ஓர் உயர்ந்த சுவரே. 10 மீட்டர் நீளமும் 2.8 மீட்டர் உயரமும் உள்ள பக்கத்தின் மீது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே மோதினால், அதன் தள்ளுவிசை சுமார் 330 கிலோ. ஐந்து பெரியவர்களின் எடைக்கு ஒப்பானது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இதனை நம்மவர் உணரும் இடங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை, பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் காற்றுக்குத் திறந்த வாயில்கள். முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதன் காரணமே இதுதான். நாகர்கோவிலுக்குச் செல்லும் அன்பர்கள் அங்கு வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளல் வேண்டும். மலை வெட்டின் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வரும் இடத்திலும், பெரிய பாலத்தின் மீதும் காற்று திடீரெனத் தாக்கும். ஸ்டியரிங்கை இறுகப் பற்றி வெட்டித் திருப்பாமல், நிதானமாகப் பிடித்துத் தொலைவில் கண் வைத்து ஓட்டுக. பெரிய லாரி கடக்கும்போது அதன் முன் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும். பிறகு உள்ளே இழுக்கும். இரண்டாவது வரும் என்று அறிந்தவர் முதலாவதற்கு மிகையாகத் திருத்தமாட்டார்.

பெங்களூரிலிருந்து சேலம் செல்வோர் கடக்கும் தொப்பூர்க் கணவாய், கனவண்டிகளின் விபத்துகளால் பெயர் பெற்றுவிட்டது. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிடுங்கள். பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடேற்றாதீர்கள். வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் பிடித்தால் உயரமான வண்டி முன்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒருங்கே சாய்ந்து ஓட்டுநரின் கையை மீறக்கூடும்.

முன் டயர் வெடித்தால் உடனே பிரேக்கை அழுத்துவதே மனித இயல்பு. அதுவே பெரிய அபாயம். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து வண்டியை நேரே வைத்திருப்பது முதல் வேலை. முடுக்கியிலிருந்து காலைச் சட்டென எடுத்தலும் கூடாது. வண்டி கைக்குள் வந்த பின் மெல்ல வேகம் இறங்கவிட்டு ஓரம் கட்டுக. இதனை ஓட்டுபவர் மட்டுமன்றி, அருகில் அமர்பவரும் அறிந்திருப்பது நலம்.

வாடகைக்கு எடுப்போர் இவற்றையெல்லாம் தாமே செய்ய இயலாது. எனினும் டயரின் நான்கு இலக்க எண்ணைப் படிக்க அவர்களால் இயலும். காலையில் காற்றை அளக்க இயலும். சாமானைத் தாழ்வாகவும் நடுவிலும் அடுக்க இயலும். முன்பணம் கொடுக்குமுன் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கக் கேட்கவும் இயலும். கேட்டதற்கு உரிமையாளர் முகம் சுளிப்பாராயின் அவ்வண்டியை விட்டுவிடுதல் உத்தமம். மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்வதை 80 ஆகக் குறைத்தால், வண்டி சுமந்து செல்லும் இயக்க ஆற்றல் 64 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஊர் சென்று சேர்வதில் இரண்டு மணி நேரம் பிந்தலாம். அங்கு நம்மை எதிர்நோக்கியிருப்பவர்கள் அதற்காக வருந்தமாட்டார்கள்.

இவ்வாண்டு சாலை வழியே ஊர் செல்லத் திட்டமிடும் அன்பர்கள், பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பே வண்டியை எடை மேடையில் ஏற்றிவிடுவார்களாக. சீட்டில் கண்ட எண்களைக் கொண்டு டயரையும், சக்கர ஒழுங்கையும், மூட்டுகளையும் முறையாகப் பார்ப்பதற்கு அக்காலம் போதும். புறப்படும் நாளில் எவருக்கும் பதற்றம் வேண்டாம்; சமையலிடத்தில் பாத்திரங்கள் உருளாமல் கட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதே எஞ்சியிருக்கும் வேலையாகும்.